பூசைக்கு வைத்த சைக்கிள்

மருதமுத்துவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், காஜா பெராங் வட்டாரத்தில் அவரைப்போலச் சைக்கிளைப் பேணுகிற மனுஷன் வேறு யாரும் கிடையாது என்று அடுத்த வாயிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் இருந்த காலத்தில், பதினெட்டு வயதில், மேட்டிலிருந்து ஒரு தரம் சைக்கிளில் இறங்கிப் பார்த்தார். நேரே போய் ரப்பர்ப் பால் வாளிக்குள் தலைகுப்புற விழுந்தார். பால் தலைமயிரில் உறைந்துபோய், மொட்டை அடித்துத்தான் எடுக்க முடிந்தது. அன்றோடு சரி, அப்புறம் அவர் எந்தச் சைக்கிள் மேலும் கால் போடவில்லை.

அவர் பேணுகிற சைக்கிள் அவர் பெண்சாதி கமலவேணியுடையது. அவள் சர்க்கார் மருத்துவச்சி. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் அவள் மிஸிதான். கறுப்பு ரேலி சைக்கிள், பெண்கள் ஓட்டுகிற மாதிரி நடுக்கம்பி வளைந்தது, பின்சக்கரத்தில் சேலை மாட்டாமலிருக்க வலை போட்டது. பின்னால் கேரியரில் பெட்டி. அந்தப் பெட்டியோடு அவள் போகாத சந்து கிடையாது. மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமானதும் வெள்ளைக்கார மிஸி ஒருத்தி கப்பலேறிவிட்டாள். அவள் பார்த்துவந்த கிளேபாங் பகுதியும் இப்போது கமலவேணி தலையில் விழுந்திருந்தது.

மருதமுத்துவுக்கு முனிசிபலில் தண்ணீர்க் குழாய் பூட்டுகிற வேலை. ஸ்பானர் பிடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? வாரம் தவறாமல் சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை காயுமுன், கொல்லையில் கோணிச்சாக்கை விரித்துச் சைக்கிளைக் கவிழ்த்துப் போடுவார். காலிப் பால் டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை முக்கிச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் தேய்ப்பார். துணியால் ஒற்றியெடுத்த பிறகுதான் தையல் மிஷின் எண்ணெய், அதுவும் கண்ணிக்கு ஒரு சொட்டு. "ரெண்டு சொட்டு விட்டா மண்ணு வந்து ஒட்டிக்கும்" என்பார், கேட்க ஆள் இல்லாவிட்டாலும். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்ப்பார். தொய்ந்தது எது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். வால்வில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். கடைசியில் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது தானே நிற்கும்வரை எண்ணுவார். அவருடைய சோதனையெல்லாம் அந்தரத்தில் சுற்றுகிற சக்கரத்தோடு முடிந்துவிடும். ரோட்டில் அது என்ன செய்யும் என்பது கமலவேணி பாடு.

கோப்பிக் கடையில் கேலிக்குக் குறைச்சலில்லை.

"என்னா மருதமுத்து, பொண்டாட்டி சைக்கிளுக்குத் தலைவாரிப் பொட்டு வச்சாச்சா?"

"ஆச்சு லா. ஒங்க சைக்கிள் கத்துறது எங்க வீட்டு வரைக்கும் கேக்குது. அத மொதல்ல பாருங்க."

அந்த வருஷம் ஆயுத பூசை வந்தபோது மெர்டேக்கா கொண்டாடி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் இருந்த இரும்பு அத்தனையும் காலையிலேயே வாசலுக்கு வந்துவிட்டது. அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, குழாய் ஸ்பானர்கள். சிரம்பானில் படிக்கிற மகள் ஜெயா விட்டுப்போன புத்தகங்களும் ஒரு பலகையில் ஏறின. எல்லா இரும்புக்கும் மருதமுத்து தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தார். கடல்காற்று அடிக்கிற ஊரில் இரும்புக்கு எண்ணெய் காட்டாமல் இருந்தால் ஒரே மாதத்தில் சொறி பிடித்துவிடும்.

சைக்கிளுக்கும் அதேதான். ரிம்மில் துருப்புள்ளி விழுந்தது போன வருஷம். அப்போதுதான் அவருக்கு இந்த யோசனை வந்தது. சாம்பலால் ரிம்மைத் தேய்த்து, துணியை எண்ணெயில் நனைத்து, உள்ளும் புறமும் சுற்றிச் சுற்றித் தடவுவார். பிரேக் கட்டையின் ரப்பர் வெயிலில் வெடிக்கிறதே என்று அதற்கும் ஒரு கை. வெள்ளிப் பாத்திரம்போல மின்னும். மறுநாள் விடியற்காலை மறுபூசை முடிந்ததும், கமலவேணி கிளம்புமுன், மண்ணெண்ணெய்த் துணியால் எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிடுவார். நடுவில் யாரும் தொடக்கூடாது. பூசைக்கு வைத்த சாமான் விடியும்வரை ஓய்வெடுக்க வேண்டும் என்பது ஆயி அப்பன் காலத்து வழக்கம்.

இந்த வருஷம் அடுத்த சந்திலிருந்து விநாயகமும் தன் சைக்கிளைக் கொண்டுவந்து விட்டிருந்தார். அவர் கம்போங் செட்டிக்காரர், இங்கேயே தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன பழைய செட்டி வம்சம். நெற்றியில் விபூதி நம் ஆட்களைவிடப் பட்டையாக இருக்கும், கோயில் காரியம் ஒன்று விடமாட்டார், ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். "என்னோடதையும் மின்ன வை, மூத்து" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். முத்து அவர் வாயில் மூத்துவாகிவிடும். மருதமுத்து அதற்கும் அதே எண்ணெய், அதே துணி, அதே மாதிரி ரப்பருக்கும் ஒரு கை போட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கைப்பிடியில் சாமந்தி மாலை தொங்கவிட்டு, முன்விளக்கின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கமலவேணி சுண்டல் தாளித்து இறக்கினாள். பொரியும் கடலையும் வெல்லமும் வைத்துச் சூடம் காட்டியபோது மணி இரண்டு இருக்கும். வானம் கிளேபாங் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

சூடத் தட்டு ஆறவில்லை. வாசலில் ஒரு சைக்கிள் வந்து சாய்ந்தது.

"மிஸி! மிஸியம்மா!"

கிளேபாங்கில் கொப்பரை காயவைக்கிற களத்தில் வேலை செய்கிற கருணாகரன். முகமெல்லாம் வேர்வை. அவன் பெண்சாதி அன்னத்துக்குத் தலைச்சன் பிள்ளை. கமலவேணி கொடுத்திருந்த நாள் இன்னும் பத்து நாள் கழித்துத்தான்.

"பனிக்குடம் ஒடஞ்சிருச்சு மிஸி. காலையில இருந்தே நோவுதாம், எங்கிட்ட சொல்லவே இல்ல. பூசை நாளா இருக்கு, ஒங்களக் கூப்பிடக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கா."

"பைத்தியக்காரி. நீங்க முன்னால போங்க, தண்ணி காய வைக்கச் சொல்லுங்க. இந்தா வர்றேன்."

அவன் திரும்பிய வேகத்தில் சைக்கிள் சங்கிலி கழன்றது, அதை மாட்டிக்கொண்டு பறந்தான். கமலவேணி வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே பூசைக்கு வைத்த சைக்கிளிடம் வந்தாள். மருதமுத்து குறுக்கே நின்றார்.

"சாமிக்கு வச்ச சாமான். விடியற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அன்னம் வயித்துல இருக்கிறதுக்குத் தெரியலையே."

"டிரைஷா வண்டி புடிச்சிப் போ."

"மழ வர்ற நேரத்துல எந்த டிரைஷாக்காரன் நிப்பான்? தெங்கெரா முனைக்கு நடந்து போயி, அவன எழுப்பி, நான் போயிச் சேர்றதுக்குள்ள புள்ள தலை காட்டிரும். வழிய விடுங்க."

"வேணி, நான் சொல்றதக் கேளு. எதாச்சும் ஆச்சுன்னா..."

"யாருக்கு? எனக்கா, ஒங்க சைக்கிளுக்கா?"

அது சுருக்கென்று தைத்தது. மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் மாட்டிவிட்டு, பெட்டியைக் கேரியரில் வைத்துக் கட்டினாள். மருதமுத்துவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் ஒரு வாய்ச்சண்டையிலாவது அவர் ஜெயித்ததில்லை.

"போ! சொன்னாக் கேக்காத ஜென்மம். விழுந்து எந்திரிச்சு வந்தாத்தான் ஒனக்குப் புத்தி வரும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தனப் பொட்டோடு சைக்கிள் சந்து முனையில் திரும்பியது.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பிடி பொரியை அள்ளினார், வாயில் போடாமல் திரும்பக் கொட்டினார். வாசலுக்குப் போனார், வந்தார். என்ன வாய் இது, என்ன வார்த்தை இது என்று தன்னையே திட்டிக்கொண்டார். பொண்டாட்டி வேலைக்குப் போகிற நேரத்தில் விழுந்து எந்திரிச்சு வா என்று ஒருத்தன் சொல்லுவானா? கோணிச்சாக்கை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். காற்று எழும்பிப் பூசை விளக்கை அணைத்தது. இரண்டு தரம் ஏற்றினார்.

கால்மணி கழிந்திருக்கும். விநாயகம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"சுடா சியாப்?" முடிந்ததா என்று கேட்டார்.

"முடிஞ்சிருச்சு. ஆனா நாளைக்குத்தான் எடுக்கணும்" என்று இவரும் மலாயிலேயே சொன்னார்.

"சாமி பார்த்துட்டாரு இல்ல? போதும்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். கோயிலுக்கு ஐஸ் கட்டி வாங்கிவர வேண்டுமாம். மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினார். மருதமுத்துவுக்கு இதற்கும் சண்டை போடத் தெம்பில்லை. சந்து கொஞ்சம் இறக்கம், முனையில் விநாயகத்தின் அத்தை வீட்டுக் கோழிக்கூடு. அங்கே போய் அவர் வழக்கம்போல ஒடித்துத் திருப்புவார்.

அன்றைக்குத் திரும்பவில்லை. இரண்டு பிரேக்கையும் அவர் இறுக்கிப் பிடித்தது இங்கிருந்தே தெரிந்தது. சைக்கிள் கேட்டால்தானே! "அடோய்!" என்ற கூச்சலோடு கோழிக்கூட்டுக்குள் போய்ச் சொருகினார். கோழிகள் நாலாபக்கமும் பறந்தன. அத்தை துடைப்பத்தோடு வெளியே வந்தாள்.

மருதமுத்து ஓடிப்போய்த் தூக்கிவிட்டார். முழங்கால் சிராய்த்திருந்தது, முன்சக்கரம் கோணலாகியிருந்தது, மற்றபடி ஒன்றுமில்லை. விநாயகம் ரிம்மை விரலால் தடவினார். மூக்கில் வைத்து மோந்தார்.

"மினியாக் கெலாப்பா!" தேங்காயெண்ணெய். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "மூத்து, ரிம்முக்கு எண்ணெய் போட்டா பிரேக் எதைப் பிடிக்கும்? நீ என்ன, சைக்கிளைப் பொரிக்கப் போறியா?"

மருதமுத்து சிரிக்கவில்லை. போன வருஷமும் இதே எண்ணெய்தான், இதே ரப்பர்தான். ஆனால் போன வருஷம் விடியும்வரை யாரும் எடுக்கவில்லை. துடைத்த பிறகுதான் கமலவேணி ஓட்டினாள். அவர் ஒருநாளாவது ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சந்து முனையில் அவள் காலைத் தரையில் தேய்த்தே திருப்பிவிடுவாள். காஜா பெராங் ரோடு சமதரை. அங்கே அவள் பிரேக்கைத் தொடவே மாட்டாள், காலை ஊன்றித்தான் நிறுத்துவாள். ஆனால் கிளேபாங் ரோட்டில் ஒரு பாலம் இருக்கிறது. பாலம் இறங்கினதும் மண் லாரி போகிற முனை.

"மூத்து, என்ன ஆச்சு?"

"எம் பொண்டாட்டி போயிருக்கா" என்றார் தமிழில். விநாயகத்துக்கு விளங்கவில்லை. மலாயில் சொல்ல நிற்காமல் மருதமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

ஐம்பதுக்குப் பக்கத்தில் வயது, குழாய் தூக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்ட இடுப்பு. தெங்கெரா முனை வருவதற்குள் மூச்சு நெஞ்சில் முட்டியது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஒரு மூன்றுசக்கர டிரைஷா நின்றுகொண்டுதான் இருந்தது. சீனக் கிழவர் உள்ளே சுருண்டு படுத்திருந்தார்.

"அப்பெக், கிளேபாங்! செப்பாட், செப்பாட்!" சீக்கிரம் என்று மலாயில் அவசரப்படுத்தினார்.

கிழவர் நிதானமாக எழுந்து, மழைத் திரையை அவிழ்த்துக் கட்டி, துண்டைத் தலையில் சுற்றி, மிதிக்கத் தொடங்கினார். மழை பிடித்துக்கொண்டது. கடலோர வீடுகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. நடந்தாலே இதைவிடச் சீக்கிரம் போகலாம் போலிருந்தது. மருதமுத்து நுனியில் உட்கார்ந்து முன்னால் முன்னால் சாய்ந்தார், அதனால் வண்டி என்னவோ வேகமாகிவிடப் போவதில்லை. விழுந்து எந்திரிச்சு வா. எந்திரிக்காமலே போய்விட்டால்? அவர் இரண்டு கையையும் முகர்ந்து பார்த்தார். தேங்காயெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை.

பாலத்து மேட்டில் கிழவர் இறங்கி வண்டியைத் தள்ளத் தொடங்கினார். மருதமுத்து குதித்து, கையில் இருந்த காசை அவரிடம் திணித்துவிட்டு ஓடினார். பாலத்துக்கு அந்தப் பக்கம், இறக்கத்தின் அடியில், ஏழெட்டுப் பேர் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார்கள். தரையெல்லாம் மீன். கூடை ஒன்று நசுங்கிக் கிடந்தது. மீன் வாடையை மீறிக்கொண்டு அவள் பெட்டியில் இருக்கிற மருந்துத் தண்ணீரின் வாசம் அடித்தது. போத்தல் உடைந்திருக்கிறது.

"மிஸி?" என்றார்.

மீன்காரி மலாய்க்கார அம்மாள். கோபமாகத்தான் இருந்தாள், ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. மிஸி மேலிருந்து கத்திக்கொண்டே வந்தாள், லாரி வருவதைப் பார்த்து என் கூடைமேல் கொண்டுவந்து விட்டாள், விழுந்தாள், எழுந்தாள், என்னிடம் மன்னிப்புக் கேட்டாள் என்று சொல்லிக்கொண்டே போனாள். கையில் ரத்தமாம். நில்லு என்று சொன்னதற்கு நிற்கவில்லையாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே போய்விட்டாளாம்.

மருதமுத்துவும் நடந்தார். ஓட முடியவில்லை.

கொப்பரைக் களத்துக்குப் பின்னால் கருணாகரன் வீடு. வாசலில் தென்னைமரத்தில் சைக்கிள் சாய்ந்திருந்தது. கைப்பிடி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது, மட்காட் நெளிந்திருந்தது. முன்விளக்கில் சந்தனம் மழையில் கரைந்து ஒழுகியிருந்தது. உள்ளேயிருந்து அன்னம் அலறினாள். அதற்குமேலே இன்னொரு குரல், அதட்டலாக, தெம்பாக:

"பயப்படாத தாயி, தலை தெரியுது. முக்கு. இன்னொரு தரம்."

அவர் அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்தால் எண்ணெய் எரிந்தது.

கருணாகரன் திண்டாடிக்கொண்டு நின்றான். அவனிடம் மண்ணெண்ணெய் கேட்டார், அடுப்புச் சாம்பல் கேட்டார், பழைய துணி கேட்டார். அவனுக்கும் ஏதாவது எடுத்துக்கொடுக்கிற வேலை வேண்டியிருந்தது. தாழ்வாரத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மருதமுத்து ரிம்மைத் தேய்த்தார். மண்ணெண்ணெய்க்கு ஒரு சுற்று, சாம்பலுக்கு ஒரு சுற்று, துவைக்கிற சவுக்காரம் போட்டு ஒரு சுற்று. ரப்பர்க் கட்டைகளைக் கழற்றி, மேல்தோல் போகும்வரை சிமெண்டுப் படியில் உரசினார். முன்சக்கரத்தை முழங்கால் நடுவில் இடுக்கிக் கைப்பிடியை நேராக்கினார். ஒவ்வொரு அலறலுக்கும் கை நின்றது, அப்புறம் ஓடியது.

மழை விட்ட நேரத்தில் பிள்ளை அழுதது.

கமலவேணி வெளியே வந்தாள். உடுப்பெல்லாம் சேறு. இடது முழங்கையில் கிழிந்த துணிக்கட்டு, தாடையில் சிராய்ப்பு. கருணாகரன் கொடுத்த கோப்பியை நின்றபடியே குடித்தாள். புருஷனைப் பார்த்ததில் அவளுக்கு ஆச்சரியமில்லை. களைப்புதான் இருந்தது.

"ஆம்பளப் புள்ள. ரெண்டு பேரும் சொகமா இருக்காங்க." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க சொன்னதுதான் சரியாப் போச்சு. சாமி சாமான எடுத்தேன். பாலத்துல பிரேக்கப் புடிச்சேன், யாரோ பின்னால தள்ளுற மாதிரி போயிருச்சு. ஒரு அடி அந்தப் பக்கம் போயிருந்தா லாரிதான். இனிமே பூசைக்கு வச்சா எடுக்கமாட்டேங்க. யாரு வந்து கூப்புட்டாலும் சரி, விடியட்டும்னு சொல்லிருவேன்."

கருணாகரன் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டான். எனக்காகத்தானே மிஸி என்று முணுமுணுத்தான்.

மருதமுத்து கைத்துணியைக் கீழே போட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தரமாக அவள் தானே தோற்றுக் கொடுக்கிறாள். சும்மா இருந்தால் போதும். ம் என்று ஒரு தலையாட்டு, வீட்டுக்குப் போய்விடலாம். சாமிமேல் பழி போட்டால் சாமி வந்து இல்லையென்று சொல்லப் போவதில்லை. உள்ளே பிள்ளை மறுபடியும் வீறிட்டது. அடுத்த வருஷம் பூசையன்றைக்கும் எவளாவது ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். இவள் விடியட்டும் என்று உட்கார்ந்திருப்பாள்.

"சாமி இல்ல வேணி" என்றார். "நாந்தான்."

"என்னா?"

"ரிம்முக்குத் தேங்காயெண்ண போட்டிருந்தேன். மின்னட்டும்னு. பிரேக்கு வழுக்கும்னு எனக்குத் தெரியாது. இப்ப தொடச்சிட்டேன்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கட்ட ரப்பருக்கும் போட்டீங்களா?"

"போட்டேன்."

"அதுக்கு என்னாத்துக்கு?"

"வெடிக்காம இருக்கும்னு."

"போன வருஷம்?"

"போன வருஷமும்தான். நீ எடுக்கறதுக்கு முன்னால தொடச்சிருவேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்தது. இதோ வெடிக்கப்போகிறது என்று மருதமுத்து காத்திருந்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"மீனுக்குள்ள கெடந்து நான் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டேன்" என்றாள். "கையில ரத்தம் ஓடுது, அன்னம் கத்துறது காதுல கேக்குற மாதிரி இருக்கு, நான் கன்னத்துல போட்டுக்கிட்டு இருக்கேன். பாவி மனுஷா."

"தப்புதான்."

"சைக்கிள நேரா நிறுத்துங்க."

நிறுத்தினார்.

"ஏறுங்க."

"என்னா வேணி, நானா? எனக்குத் தெரியாதுன்னு ஒனக்கு..."

"தொடைக்கிறவருதான் ஓட்டிப் பாக்கணும். ஓட்டிப் பாக்காம எங்கிட்டக் குடுக்கக் கூடாது. ஏறுங்கன்னா ஏறுங்க."

கருணாகரன் வாய் பிளந்து பார்த்தான். களத்திலிருந்து கொப்பரை புரட்டுகிற பெண்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். மருதமுத்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பெண்பிள்ளைச் சைக்கிளில், நாற்பத்தெட்டு வயதில், ஏறி உட்கார்ந்தார். கமலவேணி நல்ல கையால் கேரியரைப் பிடித்தாள். ஈரமண் பாதையில் சைக்கிள் பாம்பாக நெளிந்தது. அவருக்கு ரப்பர்ப் பால் வாளி கண்முன்னே வந்தது.

"மிதிங்க. கீழ பாக்காதீங்க, தூரத்துல பாருங்க."

மிதித்தார். தென்னைமரம் நேரே வந்தது. பெண்கள் கூவினார்கள்.

"பிரேக்கப் புடிங்க!"

இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். ரப்பர் கரகரவென்று கத்தியது. சைக்கிள் மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவர் காலை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தார். கமலவேணி இருபது அடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கேரியரை அவள் எப்போது விட்டாள் என்று அவருக்குத் தெரியாது.

அவள் சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட கையைத் தாங்கிக்கொண்டு சொன்னாள்:

"இன்னொரு தரம்."